கோகோ விளையும் நாட்டிலேயே கோகோ பவுடர் ஆலைகள் தடுமாறுவது ஏன்?

தோட்டத்திலிருந்து டப்பா வரை உள்ள வழியில் ஒரு கண்ணி அறுந்தாலும் சரக்கு நின்றுபோகும். அதைத்தான் விநியோகச் சங்கிலி அபாயம் என்கிறார்கள்.

மேற்கு ஆப்பிரிக்க நாடான கானாவை எடுத்துக்கொள்வோம். அங்கே கோகோபாட் என்ற அரசு வாரியம் கொட்டையின் கொள்முதல் விலையை அறிவிக்கிறது. அறுவடைக்கு முன்பே பெரும்பகுதியை வெளிநாட்டுக்கு விலை பேசி விற்றுவிடுவதும் அதன் வழக்கமாக இருந்தது. 2023-24 பருவத்தில் வைரஸ் நோய், தப்பிய மழை, தோட்டங்களையே தோண்டிப்போட்ட சட்டவிரோதத் தங்கச் சுரங்கம் எல்லாம் சேர்ந்து விளைச்சலைச் சரித்தன. கிடைத்ததிலும் ஒரு பங்கு எல்லை தாண்டிக் கடத்தப்பட்டது. உள்ளூர் ஆலைகளுக்குக் கொட்டை போதவில்லை. பிஞ்சிலேயே முன்பணம் வாங்கிவிட்ட தோப்புக்காரர் வீட்டில் சட்னிக்குத் தேங்காய் இல்லாத நிலைதான் இது.

அப்புறம் இன்னொரு சிக்கல். செக்கில் எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் புண்ணாக்கு மாதிரி, கொட்டையிலுள்ள கொழுப்பான கோகோ வெண்ணெயைப் பிழிந்தபின் மிஞ்சுவதை அரைத்தால்தான் பவுடர். வெண்ணெய்க்குக் கிராக்கி குறைந்தால் பவுடரும் குறையும்.

உலக விலை ஏறினால் விவசாயிக்கு லாபம் என்று பலர் நினைக்கிறார்கள். 2024 டிசம்பரில் நியூயார்க் சந்தையில் கோகோ டன் 12,000 டாலரைத் தாண்டியபோது, கானா விவசாயியின் கைக்கு வந்தது அதில் பாதிகூட இல்லை.