வேம்பு நிற்கட்டும், வீடு நகரட்டும்

அன்புள்ள ஐயா,

மகளைப் பார்க்க இங்கிலாந்து போயிருந்தபோது, ஹாடன்ஹாம் கிராமத்தில் கட்டடக் கலைஞர் பீட்டர் ஆல்டிங்டன் கட்டிய டர்ன் எண்ட் வீட்டையும் தோட்டத்தையும் பார்த்தோம். எனக்குத் திருப்போரூர் பக்கம் ஒரு கிரவுண்ட் மனை இருக்கிறது. மேற்கு ஓரத்தில் இரண்டு வேம்பு, நடுவில் ஒரு பூவரசு. அதே மாதிரி பெரிய பெரிய கண்ணாடி வைத்து இங்கே கட்டலாமா?

ஆர்., நங்கநல்லூர்

அன்புள்ள ஆர்.,

கண்ணாடியை விடுங்கள். அவர்கள் வெயிலுக்கு ஏங்குகிறவர்கள். நம் ஊர் மேற்கு வெயிலுக்குக் கண்ணாடி வைத்தால் கரண்ட் பில்தான் ஏறும்.

அங்கே எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. 1960களில் ஆல்டிங்டனும் அவர் மனைவியும் பெரும்பாலும் தங்கள் கையாலேயே கட்டிய மூன்று வீடுகளில் ஒன்று அது. நின்ற மரங்களையும் பழைய மண் சுவர்களையும் வைத்துக்கொண்டுதான் பிளானே போட்டார்கள். அந்த மண் சுவரைக் கவனித்தீர்களா? உள்ளூர்ச் சுண்ணாம்புக் களிமண்ணில் வைக்கோல் கலந்து எழுப்புவது. ஈரம் ஏறாமலிருக்க அடியில் கல், மழை இறங்காமலிருக்க மேலே ஓடு. பக்கத்திலேயே புது கான்கிரீட் பிளாக் சுவர், வெள்ளையடித்து, ஓட்டுக்கூரையோடு. ஊருக்குள் அது துருத்தாமல் நிற்கக் காரணம் இதுதான்.

நம்மிடம் முதல் நாள் வருவது ஜேசிபி. தப்பித்த மரத்தையும் கிராவல் கொன்றுவிடும். வெள்ளத்துக்குப் பயந்து மனை முழுக்க மூன்று, நான்கு அடி கொட்டுகிறார்கள். அடிமரம் புதைந்து, வேருக்குக் காற்றில்லாமல், மரம் கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டுப்போகிறது. மேஸ்திரி 'வயசான மரம் சார்' என்பார்.

நீங்கள் வீடு வரும் இடத்தை மட்டும் உயர்த்துங்கள். பூவரசு பழைய மட்டத்திலேயே நிற்கட்டும், அதுவே முற்றம். நாலு படி இறங்கிப் போகலாம். மழைத்தண்ணீர் தேங்காமலிருக்க ஓரத்தில் ஓர் உறைகிணறு போடுங்கள். வேம்புகளுக்கு அருகே சம்ப்பும் செப்டிக் டேங்க்கும் வரவே கூடாது. இன்ஜினியர் அங்கேதான் கேட்பார், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மேற்கு வெயிலுக்கு அந்த வேம்புகளைவிட நல்ல திரை எந்தக் கடையிலும் கிடைக்காது.

அப்புறம், புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்ட் விடுதியைப் பாருங்கள். 1937-இல் தொடங்கிய வேலை. வடிவமைத்தவர் அன்டோனின் ரேமண்ட். தெற்கிலும் வடக்கிலும் சன்னலுக்குப் பதில் திருப்பித் திறக்கும் சிமென்ட் பலகைகள், இரு பக்கமும் தோட்டம். அனுமதி கேட்டுத்தான் போகவேண்டும். கேட்கும்போது மே மாதமாகப் பார்த்துக் கேளுங்கள்.