வாசகர் கேள்விகள்: ஓபராவின் பாஸ்-பாரிடோன்

கேள்வி: இசை நாடகமான ஓபராவில் ஆண்குரல்களில் மிகத் தாழ்ந்த பாஸ், அதற்கு மேலான பாரிடோன் இரண்டும் இருக்க, நடுவில் பாஸ்-பாரிடோன் எதற்கு?

பதில்: எட்டும் சுரத்தை மட்டும் வைத்து இதைப் பிரிப்பதில்லை. கீழ் எஃப், அதாவது நாலு கட்டை, அங்கிருந்து இரண்டு ஸ்தாயி மேலே போவது பாரிடோனுக்கும் கூடும். மூன்று மணி நேரம் எந்த இடத்தில் குரல் களைக்காமல் நிற்கிறது என்பதே கணக்கு. இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டியின் பாரிடோன் வேடங்கள் மேலேயே நிற்கும். பாஸ்-பாரிடோன் அங்கே சீக்கிரம் களைத்துவிடுவார்.

கேள்வி: வேல்ஸ் பாடகர் பிரின் டெர்வெல் ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் ஓபராக்களில் கடவுளரின் தலைவனான வோட்டான் வேடத்துக்குப் பேர்போனவர். அதை ஏன் அவ்வளவு தாமதமாக எடுத்தார்?

பதில்: முதலில் மோட்சார்ட்டின் வேடங்கள்: 1990-இல் வெல்ஷ் நேஷனல் ஓபராவில் குலியெல்மோ, 1994-இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டனில் ஃபிகாரோ. லண்டன் ராயல் ஓபராவில் வோட்டான் 2004 டிசம்பரில், 39 வயதில். இடையில் 1992-இல் சால்ஸ்பர்க்கில் ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் ‘சலோமே’ ஓபராவில் யோகனான் (திருமுழுக்கு யோவான்) வேடம் பாடினார். அது கனமான வேடம்தான், ஆனால் நேரம் குறைவு.

வோட்டானின் சிக்கல் நீளம். அவர் வரும் ‘வால்கூரே’ ஓபராவின் இரண்டாம் அங்கத்தில் ஏறக்குறைய 20 நிமிடம் மகளிடம் தன் கதையைச் சொல்கிறார். ஆரம்பம் கீழ் ஸ்தாயியில், ஏறத்தாழ பேச்சுக்குரல். இளம் பாடகர்கள் இங்கேயே நெஞ்சுக்குரலை அழுத்திவிடுவார்கள். அப்படி அழுத்தியவருக்கு மூன்றாம் அங்க முடிவில் மகளுக்கு விடைகொடுக்கும் பாட்டில் முழு வாத்தியக்குழு எழும்பும்போது சுருதி இறங்கும், குரல் ஆடும். மைக் கிடையாது. வாத்தியங்களின் பலம் குறையும் 2,500 ஹெர்ட்ஸ் பக்கம் குரலில் ஒரு கூர்மை இருந்தால்தான் கடைசி வரிசைக்குக் கேட்கும். கத்தினால் தொண்டை இறுகி அந்தக் கூர்மைதான் முதலில் போகும். மோட்சார்ட் அதைக் காப்பாற்றிக் கொடுக்கும் நல்ல பள்ளிக்கூடம்.

கேள்வி: மோட்சார்ட்டின் ‘டான் ஜியோவான்னி’ ஓபராவில் எஜமான் ஜியோவான்னியா, வேலைக்காரன் லெபொரெல்லோவா, எது கடினம்?

பதில்: டெர்வெல் இரண்டையும் ஒலிப்பதிவு செய்திருக்கிறார்: இசை நடத்துநர் சோல்ட்டியிடம் எஜமான், இன்னொரு நடத்துநர் அப்பாடோவிடம் வேலைக்காரன். இருவரும் உடை மாற்றி ஏமாற்றும் காட்சி இருப்பதால் குரல்கள் ஒத்திருப்பதும் நல்லதே. எஜமானின் விருந்துப் பாட்டு ஒன்றரை நிமிடம்தான். வேகத்தில் மூச்சு வாங்க இடம் கிடைக்காது. எங்கள் பார்வையில் லெபொரெல்லோதான் கடினம். எஜமானின் காதலிகளை நாடுவாரியாக எண்ணும் பாட்டில், ஸ்பெயினின் 1,003 உட்பட, முதல் பாதி துரிதம், பின்பாதி நிதானம். முன்பாதியில் சிரிப்பு வாங்க மூச்சைச் செலவழித்தவருக்குப் பின்பாதியின் நீண்ட வரிகள் நடுவிலேயே அறுந்துபோகும்.