டம்ளரைத் தாண்டிப் போகும் கை

கேள்வி: என் அப்பாவுக்கு 66 வயது. நான்கு மாதத்துக்கு முன் சிறுமூளையின் வலப்பக்கத்தில் ஸ்ட்ரோக் வந்தது. கையில் பலம் குறையவில்லை. ஆனால் வலக்கையால் டம்ளரை எடுக்கப் போனால், கை அதைத் தாண்டிப் போய்த் தட்டிவிடுகிறது. கிட்டே போகப் போக நடுக்கமும் கூடுகிறது. "நல்லா பார்த்து, மெதுவா எடுங்கப்பா" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறோம். இது சரியா? வீட்டில் என்ன பயிற்சி கொடுக்கலாம்?

பதில்: "மெதுவா" சரி. "நல்லா பார்த்து" என்பதில்தான் சிக்கல்.

30 செ.மீ. தள்ளியிருக்கும் டம்ளரை எடுக்க நமக்கு முக்கால் விநாடிகூட ஆகாது. பாதி வழியில் கை விநாடிக்குச் சுமார் 80 செ.மீ. வேகத்தில் போகிறது. கை எங்கே இருக்கிறது என்று கண் பார்த்து, மூளை கணக்குப் போட்டு, தசைக்குத் திருத்தம் போய்ச் சேர ஒரு விநாடியில் எட்டில் ஒரு பங்கு ஆகிறது. அதற்குள் கை இன்னும் 10 செ.மீ. நகர்ந்துவிடும். அதாவது, கண் சொல்லும் செய்தி எப்போதும் பழைய செய்திதான். இந்தத் தாமதத்தை ஈடுகட்டுவதில் சிறுமூளைக்குப் பெரிய பங்கு உண்டு. தசைக்கு என்ன கட்டளை போனது என்பதை வைத்து, கை இந்நேரம் எங்கே இருக்கும் என்று அது முன்கூட்டியே கணிக்கிறது. கணிப்பு தப்பினால் கையை நிறுத்துவது தாமதமாகிறது, கை தாண்டிப் போகிறது. கண் அதைப் பார்த்துப் பின்னுக்கு இழுக்கச் சொல்கிறது. அதுவும் தாமதமாகப் போய்ச் சேருவதால் இந்தப் பக்கம் அதிகமாக வந்துவிடுகிறது. நீங்கள் பார்க்கும் நடுக்கம் இப்படித்தான் உண்டாகிறது. சிறுமூளையின் பாதிப்பு அதே பக்கத்துக் கையில் தெரியும் என்பதால் வலப்பக்க ஸ்ட்ரோக்குக்கு வலக்கை.

இந்தத் திருத்தங்களில் பெரும்பகுதி நம் நினைவுக்கே வராமல் நடக்கிறது. 1986-இல் குடேல், பெலிசோன், ப்ராப்லான் ஆகிய ஆய்வாளர்கள் செய்த சோதனையில், விளக்கைத் தொடக் கை நீளும்போது, கண் அசையும் அதே கணத்தில் விளக்கைச் சற்று நகர்த்தினார்கள். நகர்ந்ததே கலந்துகொண்டவர்களுக்குத் தெரியவில்லை; ஆனால் கை புதிய இடத்துக்குச் சரியாகப் போனது. ஆகவே கை பாதி வழியில் இருக்கும்போது "பார்த்து, பார்த்து" என்று குரல் கொடுப்பதால் பயன் இல்லை. பதற்றம் கூடினால் நடுக்கமும் கூடும். சொல்ல வேண்டியதைக் கை கிளம்பும் முன் சொல்லுங்கள்.

பார்வை டம்ளரில்தான் இருக்க வேண்டும், கையில் அல்ல. கையை உற்றுப் பார்த்து ஒவ்வொரு அசைவையும் திருத்தப் போனால் மேலே சொன்ன ஊசலாட்டம் வளரும். டம்ளரின் நடுப்பகுதியை ஒரு விநாடி பார்த்துவிட்டு, பிறகு கையை நீட்டச் சொல்லுங்கள்.

பயிற்சிக்குக் கைப்பிடி இல்லாத சாதாரண நாற்காலியில், முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பதிய உட்காரட்டும். முதல் வாரம் முழங்கை மேஜை மேலேயே இருக்கட்டும். தோள், முழங்கை, மணிக்கட்டு மூன்றும் சேர்ந்து அசையும்போது ஒன்றின் வீச்சு மற்றதை இழுக்கும். அந்த இழுப்பைச் சமாளிப்பதும் சிறுமூளையின் வேலைதான். முழங்கையை ஊன்றினால் அந்தச் சுமை குறையும். டம்ளர் 20 செ.மீ. தூரத்தில், காலியாக. "ஒன்று, இரண்டு" என்று இரண்டு விநாடி எண்ணி அதற்குள் போய்ச் சேர வேண்டும். இந்த வேகத்தில், கண்ணின் தாமதத்துக்குள் கை 2, 3 செ.மீ.தான் நகரும், திருத்த அவகாசம் கிடைக்கிறது. பத்து முறை, ஓய்வு, மறுபடி பத்து, காலை, மாலை. களைத்தால் நிறுத்திவிடுங்கள், களைத்த கை தவறாகவே பழகும். தட்டாமல் எடுப்பது வழக்கமானதும் முழங்கையைத் தூக்கலாம், பிறகு தூரத்தை 35 செ.மீ. ஆக்கலாம், அதன் பிறகு ஒவ்வொரு முறையும் இடத்தை மாற்றலாம். இந்த வரிசையைப் பிசியோதெரபிஸ்டிடமோ ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடமோ ஒருமுறை காட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

பாத்திரத் தேர்வைப் பலரும் அலட்சியம் செய்கிறார்கள். ஒரு பொருளைத் தூக்கும் முன்பே, முன்பு தூக்கிய நினைவை வைத்து விரல்களின் அழுத்தத்தை மூளை தீர்மானித்துவிடுகிறது. எவர்சில்வர் டம்ளரில் எவ்வளவு இருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. நிறைந்திருக்கும் என்று நினைத்துத் தூக்கினால், காலி டம்ளர் விருட்டென்று மேலே வரும். நமக்கு அது ஒரு சின்ன அதிர்ச்சி. அப்பாவுக்குச் சட்டையெல்லாம் காப்பி. அதனால் எப்போதும் ஒரே டம்ளர், எப்போதும் பாதி அளவு, ஆறிய பானம். ஈர எவர்சில்வர் வழுக்கும். டம்ளரைச் சுற்றி இரண்டு தடித்த ரப்பர் பேண்ட் போட்டால் பிடி கிடைக்கும். அடியில் வழுக்காத ரப்பர் விரிப்பு வையுங்கள். சிறுமூளை பாதித்தவர்கள் தேவைக்கு மேல் இறுக்கிப் பிடிப்பது உண்டு, ஆகவே பேப்பர் கப், மெல்லிய பிளாஸ்டிக் கப் வேண்டாம், கசங்கிவிடும். கைப்பிடி உள்ள கப்பைப் பலர் வாங்கித் தருகிறார்கள். ஆனால் சிறிய வளையத்துக்குள் விரலை நுழைக்க இன்னும் துல்லியம் வேண்டும். அடி அகலமான, நேரான டம்ளரே மேல்.

ஒன்றைச் சோதித்துக்கொள்ளுங்கள். ஆள்காட்டி விரலால் மூக்கைத் தொடச் சொல்லுங்கள், முதலில் கண் திறந்து, பிறகு மூடி. இரண்டிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி தவறினால் அது சிறுமூளையின் போக்கு. கண்ணை மூடியதும் மட்டும் படுமோசமானால், கை இருக்கும் இடத்தைச் சொல்லும் உணர்ச்சி நரம்புப் பாதையையும் பார்க்க வேண்டும். நேராகப் பார்த்தால் சரியாகப் பிடித்து, ஓரப் பார்வையில் உள்ள பொருளை மட்டும் தவறவிட்டால் பெருமூளையின் பின்பகுதியில் கோளாறு இருக்கலாம். கவனித்ததை அப்படியே நரம்பியல் மருத்துவரிடம் சொல்லுங்கள். வலிப்புக்கு ஃபெனிடோயின் சாப்பிடுகிறாரா என்பதையும் சொல்லுங்கள். அதன் அளவு கூடினாலே கை தடுமாறும். தடுமாற்றம் திடீரென்று அதிகமானால், வாந்தி, தலைசுற்றல், பேச்சுக் குழறல், கடும் தலைவலி சேர்ந்தால், பயிற்சியை மறந்துவிட்டு உடனே 108-ஐ அழையுங்கள்.

மணிக்கட்டில் கட்டும் எடைப்பட்டை கடைகளில் கிடைக்கிறது. சிலருக்கு நடுக்கம் குறையும், சிலருக்குக் கை இன்னும் அதிகமாகத் தாண்டும், கழற்றியதும் பழையபடி ஆகிவிடுவதும் உண்டு. தெரபிஸ்ட் முன்னிலையில் கட்டி, டம்ளர் எடுத்துப் பார்த்த பிறகு வாங்குவதா என்று முடிவு செய்யுங்கள்.