சி.ஆர்.பி. கூடியிருக்கிறது, மனச்சோர்வு மருந்தை நிறுத்தலாமா?

கேள்வி: என் தங்கைக்கு 29 வயது. எட்டு மாதமாக மனச்சோர்வுக்கு எஸ்சிட்டலோபிராம் சாப்பிடுகிறாள். அண்மையில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் சி.ஆர்.பி. (உடலில் அழற்சி இருந்தால் ரத்தத்தில் கூடும் ஒரு புரதம்) 6 என்று வந்திருக்கிறது. "உடலில் இருக்கும் அழற்சிதான் மனநோயாக வெளிப்படுகிறது, மாத்திரையை விட்டுவிட்டு அழற்சியைக் கவனியுங்கள்" என்கிறார் உறவினர் ஒருவர். என்ன செய்வது?

பதில்: மாத்திரையை நிறுத்த வேண்டாம். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

முதலில் ரிப்போர்ட்டை எடுத்து, 6-க்குப் பக்கத்தில் என்ன அலகு அச்சாகியிருக்கிறது என்று பாருங்கள். லிட்டருக்கு மில்லிகிராம் என்றால் லேசான ஏற்றம்தான். டெசிலிட்டருக்கு என்றால் அது உண்மையில் லிட்டருக்கு 60. உடலில் எங்கே தொற்று என்று உடனே தேட வேண்டியிருக்கும்.

லிட்டருக்கு 6 என்றே வைத்துக்கொள்வோம். சி.ஆர்.பி.யைச் சுரப்பது கல்லீரல். அதை ஏவுவது இன்டர்லூகின்-6 என்ற புரதம். ஏவியது எதனால் என்பதை இந்த எண் சொல்லாது. சளி, ஈறு நோய், புகைப்பழக்கம், உடல் பருமன், ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை என்று எதுவும் காரணமாகலாம். தங்கையின் வயதில் அந்தக் கடைசிக் காரணத்தைத்தான் நான் முதலில் விசாரிப்பேன். சி.ஆர்.பி.யின் அரை ஆயுள், அதாவது ரத்தத்தில் இருப்பது பாதியாகக் குறையும் நேரம், சுமார் 19 மணி. சளியால் ஏறியதென்றால் சளி விட்டதும் சில நாட்களில் இறங்கிவிடும். அதனால் இரண்டு மூன்று வாரம் கழித்து, உடம்பு நன்றாக இருக்கும் நாளில் மறுபடி பாருங்கள்.

உறவினர் சொல்வதை முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது. மனச்சோர்வு உள்ளவர்களில் ஏறக்குறைய கால்வாசிப் பேருக்கு சி.ஆர்.பி. 3-க்கு மேல் இருக்கிறது. ஹெபடைட்டிஸ் சி நோய்க்கு, அழற்சியைத் தூண்டும் இன்டர்ஃபெரான் ஊசி போட்ட காலத்தில், அதுவரை நன்றாக இருந்த பலர் சில வாரங்களில் மனச்சோர்வுக்கு ஆளானார்கள். ஆக, அழற்சி மனதைத் தொடும் என்பது மெய். ஆனால் 2013-இல் வெளியான ஓர் ஆய்வைப் பாருங்கள். மருந்துகளுக்கு மசியாத மனச்சோர்வு கொண்ட 60 பேரில் ஒரு பாதிக்கு இன்ஃபிளிக்ஸிமாப் என்ற அழற்சி எதிர்ப்பு மருந்தும், மறுபாதிக்குப் போலி மருந்தும் ஏற்றினார்கள். மொத்தத்தில் வித்தியாசம் தெரியவில்லை. சி.ஆர்.பி. 5-க்கு மேல் இருந்தவர்களுக்கு ஓரளவு பலன் இருந்ததுபோல் தெரிந்தது. குறைவாக இருந்தவர்களிடமோ போலி மருந்தே மேலாக இருந்தது! இதை நம்பி யாருக்கும் மருந்துச்சீட்டு எழுத முடியாது. அழற்சியைக் குறைக்க சொந்தமாக வலி மாத்திரை வாங்கிப் போடும் யோசனை இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். எஸ்சிட்டலோபிராமுடன் இபுப்ரொஃபென் சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு ஏற்படும் அபாயம் கூடும்.

நியூட்ரோஃபில், லிம்ஃபோசைட் என்ற இருவகை வெள்ளணுக்களின் விகிதத்தைக் கணக்கிட்டு மனச்சிதைவு, இருதுருவ நோய் என்று முடிவுகட்டுவதும் இதே கதைதான். நோயாளிக் கூட்டத்தின் சராசரி கூடுதலாக இருப்பது உண்மை. ஆனால் இருதுருவ நோய்க்குத் தரும் லித்தியம் சாப்பிட்டாலே வெள்ளணுக்கள் ஏறும். தனி ஒருவரிடம் அந்த எண்ணை வைத்துக்கொண்டு என்ன சொல்ல?

மனநல மருத்துவத்தில் சி.ஆர்.பி.க்கு வேலையே இல்லை என்றும் நினைத்துவிடாதீர்கள். மனச்சிதைவுக்குத் தரும் குளோசபின் என்ற மருந்தைத் தொடங்கிய முதல் சில வாரங்களில் அது திடீரென எகிறினால், இதயத்தசை அழற்சியாக இருக்குமோ என்று இதயத்தசைச் சேதத்தைக் காட்டும் ட்ரோப்போனினையும் சேர்த்துப் பார்ப்போம். அங்கே அந்த எண் உயிரைக் காக்கும்.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது, கருத்தடை மாத்திரை உட்படத் தங்கை சாப்பிடும் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, ரிப்போர்ட்டோடு கொண்டுபோகச் சொல்லுங்கள். பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் கசிகிறதா என்றும் கேளுங்கள்.