மேன் இருக்கிறது, விண்டெக்ஸ் எங்கே?

கேள்வி: பழைய கணக்கு மென்பொருள் ஒன்றுக்காக ஆபீஸில் இன்னும் ஒரு சோலாரிஸ் 10 (யூனிக்ஸ் வகை இயங்குதளம்) சர்வர் ஓடுகிறது, இப்போது அது என் தலையில். நான் லினக்ஸில் பழகியவன். கையேட்டுப் பக்கங்களைக் காட்டும் மேன் கமாண்டில், சொல்லை வைத்துத் தேடும் 'மேன் மைனஸ் கே' போட்டு எதைத் தேடினாலும் விண்டெக்ஸ் கோப்பு இல்லை என்கிறது. பாஸ்வேர்டு கோப்பின் அமைப்பைப் பார்க்கலாம் என்று 'மேன் 5' என்று தட்டி அதன் பெயரையும் கொடுத்தால், பாஸ்வேர்டு மாற்றும் கமாண்டின் பக்கம் வந்து நிற்கிறது. மேன் கெட்டுவிட்டதா?
– பெயர் வேண்டாம், கோவை

பதில்: கெடவில்லை, உங்கள் கை லினக்ஸுக்குப் பழகிவிட்டது, அவ்வளவுதான்.

இரண்டாவதை முதலில் முடித்துவிடுவோம். சோலாரிஸ் 10-இல் கையேட்டின் எந்தப் பகுதி என்று சொல்லும் எண்ணுக்கு முன்னால் 'மைனஸ் எஸ்' போட வேண்டும், இல்லாவிட்டால் அந்த 5-ஐயும் ஒரு பக்கத்தின் பெயர் என்றே அது நினைத்துக்கொள்ளும். அதோடு எண்களும் வேறு. கோப்பு அமைப்புகள் லினக்ஸில் 5, இங்கே 4. நிர்வாகக் கமாண்டுகள் அங்கே 8, இங்கே 1எம். ஆகவே நீங்கள் தட்ட வேண்டியது 'மேன் மைனஸ் எஸ் 4', அதன்பின் பக்கத்தின் பெயர்.

சரி, விண்டெக்ஸ். மைனஸ் கே தேடுவது பக்கங்களுக்குள் அல்ல, ஒவ்வொரு பக்கத்தின் பெயரையும் ஒருவரி விளக்கத்தையும் அடுக்கி வைத்திருக்கும் அந்த ஒரு கோப்பில்தான், அதை யாரும் உருவாக்கவில்லை என்றால் தேட எதுவும் இல்லை. ரூட்டாக (முழு அதிகாரமுள்ள நிர்வாகியாக) நுழைந்து 'கேட்மேன் மைனஸ் டபிள்யூ' கொடுங்கள். அந்த டபிள்யூவை மட்டும் மறந்துவிடாதீர்கள், மறந்தால் எல்லாப் பக்கங்களையும் வடிவமைத்துச் சேமிக்க உட்கார்ந்துவிடும், நீங்கள் டீ குடித்துவிட்டு வந்தாலும் ஓடிக்கொண்டிருக்கலாம்.

ரூட்டாக இருந்தும் எழுத முடியவில்லை என்று அடம்பிடித்தால் நீங்கள் இருப்பது ஒரு ஸ்பார்ஸ் ஸோனுக்குள்ளா என்று பாருங்கள் (ஸோன் என்பது ஒரே சர்வருக்குள் தனியாகப் பிரித்துவைத்த ஓர் அறை மாதிரி, அந்த வசதியே 2005-இல் சோலாரிஸ் 10-உடன் வந்ததுதான்). அதில் யூஎஸ்ஆர் டைரக்டரி, சர்வரின் முதன்மை அமைப்பான குளோபல் ஸோனிலிருந்து படிக்க மட்டுமே கிடைக்கும், உள்ளே நீங்கள் எவ்வளவு பெரிய ரூட்டாக இருந்தாலும் அங்கே ஒரு எழுத்துகூட எழுத முடியாது. குளோபல் ஸோனுக்குப் போய் அதே கமாண்டை ஒருமுறை ஓட்டுங்கள், உள்ளே தானாகத் தெரியும்.

அப்புறம், தனியாக நிறுவிய மென்பொருள்களின் பக்கங்களுக்காக மேன் எங்கெங்கே தேட வேண்டும் என்று சொல்லும் மேன்பாத் மாறியை அமைத்தால் யூஎஸ்ஆர் ஷேர் மேன் பாதையையும் அதில் சேர்த்தே எழுதுங்கள். இல்லையென்றால் கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கமாண்டுக்கே பக்கம் இல்லை என்று சொல்லும், நீங்கள் மறுபடி எனக்கு எழுதுவீர்கள்.