மணலில் முன்சில்லு புதைந்தால்

முதலில் சைக்கிளின் டயர்க் காற்றைக் குறையுங்கள். மட்டக்களப்புக் கல்லடி மணல் வளைவில் முன்சில்லு புதைந்து கைப்பிடி இழுக்கிறது, காற்று 45 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) என்கிறீர்கள். அது மணலுக்கு மிக அதிகம். விறைத்த டயர் மணலின்மேல் பரவாமல் கத்திபோல் கீறிக்கொண்டு இறங்கும்.

2.2 அங்குல டயர், உள்ளே ரியூப், உங்கள் எடை 65 கிலோ அளவில் என்றால் முன்னுக்கு 28, பின்னுக்கு 30 வைத்து அதே வளைவை அதே வேகத்தில் ஓடிப் பாருங்கள். முன்பிரேக்கைத் தொடவேண்டாம். கச்சான் காற்றுக் காலத்து வெயிலில் கிடந்த சைக்கிளில் டயர்க் காற்றின் அளவு கூடிக் காட்டும். ஆகவே நிழலில் வைத்து, ஆறியபின் அளந்து பாருங்கள்.

குடும்பிமலைப் பக்கக் கல்லுப் பாதைக்கு இந்தக் காற்று போதாது. ரிம் கல்லில் இடித்து ரியூப்பில் அருகருகே இரண்டு ஓட்டை விழும். அங்கே 4, 5 கூட்டுங்கள்.