ஆராதனை முடிந்ததும் பிரஷர் பார்க்கலாமா?

கேள்வி: தூத்துக்குடி மாவட்டத்தில் சுமார் 200 குடும்பங்கள் உள்ள சபை எங்களுடையது. ஓய்வுபெற்ற நர்ஸ் அக்காமார் மூன்று பேர் இருக்கிறார்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு பிரஷர், சுகர் பார்ப்பது, படுக்கையில் இருப்பவர்களைச் சந்திப்பது என்று ஒரு சுகாதார ஊழியம் தொடங்கச் சேகரக் கமிட்டி விரும்புகிறது. எந்த ஒழுங்கில் தொடங்கலாம்?

பதில்: நீங்கள் நடத்தப்போவது ஆஸ்பத்திரி அல்ல என்பதைக் கமிட்டித் தீர்மானத்திலேயே எழுதிவிடுங்கள். ஊசி, டிரிப், மாத்திரை மூன்றும் வேண்டாம். 1980களில் லூத்தரன் போதகர் கிரேஞ்சர் வெஸ்ட்பெர்க் சிகாகோ பகுதியில் 'சபை நர்ஸ்' முறையைத் தொடங்கியபோதும், கவனிப்பது, எடுத்துச் சொல்வது, உரிய இடத்துக்கு அனுப்புவது இவைதான் நர்ஸின் வேலையாக இருந்தன. மிச்சமான மாத்திரைகளைக் கொண்டுவந்து 'இல்லாதவங்களுக்குக் கொடுங்க' என்பார்கள். ஒரு அட்டைகூட வாங்காதீர்கள்.

பிரஷர் பார்ப்பதில்தான் அதிகம் தவறு நடக்கும். பாட்டுப் பாடி, படியிறங்கி, வெயிலில் நின்றவரை உட்கார வைத்த கையோடு பார்த்தால் கணக்கு ஏறித்தான் காட்டும். முதுகு சாய நாற்காலி, தரையில் பதிந்த பாதம், நெஞ்சு மட்டத்தில் மேசைமேல் கை, 5 நிமிடம் பேசாமல் ஓய்வு. டீ குடித்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும்; சிறுநீர் முட்டிக்கொண்டிருந்தால் முதலில் போய் வரட்டும். பட்டையைத் துணிமேல் சுற்றக் கூடாது. இறுக்கமான ஜாக்கெட் கையை மேலே சுருட்டி அதுவே கயிறு மாதிரி இறுக்கவும் கூடாது. பெரும்பாலான மெஷின்களில் வரும் சாதாரணப் பட்டை 32 செ.மீ. கைச் சுற்றளவு வரைதான். பருத்த கைக்குப் பெரிய பட்டை இல்லையென்றால் இல்லாத பிரஷரை எழுதி அனுப்புவீர்கள். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பாருங்கள். 140/90க்கு மேல் இருந்தால் 'பிரஷர் வந்துவிட்டது' என்று சொல்லாமல், டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். 180/120க்கு மேல் இருந்தால் ஓய்வுக்குப் பின் மறுபடியும் பாருங்கள். கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் குழறல் ஏதாவது இருந்தால் காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். அறிகுறி இல்லாவிட்டாலும் அன்றைக்கே டாக்டரிடம் பேசிவிடுவது நல்லது.

சுகர் பார்ப்பதில் ஆபத்து வேறு. திருவிருந்துக்கு வெறும் வயிற்றோடு வருகிற பெரியவர்கள் பலர் காலை மாத்திரையையோ இன்சுலினையோ வழக்கம்போல் போட்டுக்கொண்டு வருவார்கள். வியர்வை, நடுக்கம், கண் இருட்டல் என்று முன்பெஞ்சில் சாய்பவரை 'பக்தி மயக்கம்' என்று விசிறிக்கொண்டிருக்க வேண்டாம். சுகர் 70க்குக் கீழே இருந்தால் 3 தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடத்தில் மறுபடியும் பாருங்கள். நினைவில்லையென்றால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108தான். உபவாச ஜெபத்துக்கும், ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களான லெந்து காலத்துக்கும் முன்பே, மருந்தை எப்படி மாற்றுவது என்று டாக்டரிடம் கேட்டு வரச் சொல்லி அறிவிப்புக் கொடுங்கள். விரலில் குத்தும் ஊசி ஆளுக்கு ஒன்று. குத்தும் பேனாவையும் பொதுவில் வைக்காதீர்கள். மஞ்சள் காமாலை பி கிருமி அந்த வழியிலும் பரவும். குத்திய ஊசிகளை மூடியுள்ள கெட்டி டப்பாவில் போட்டு, அதை வாங்கிக்கொள்ளும் ஆஸ்பத்திரியை முன்னதாகவே பேசி வையுங்கள்.

இனி போதகர் ஐயரவர்களோடு உட்கார்ந்து பேச வேண்டியது. 'ஜெபித்தார்கள், மாத்திரையை நிறுத்திவிட்டேன்' என்ற சாட்சி மேடையேறினால், அடுத்த வாரம் பத்துப் பேர் நிறுத்துவார்கள். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று விட்டால் வலிப்பு அடுக்கடுக்காக வரலாம். காசநோய் மருந்தைப் பாதியில் விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போகும். யாக்கோபு 5:14 எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொல்கிறது. மருந்தை விடச் சொல்லவில்லை. பவுலும் தீமோத்தேயுவின் வயிற்றுக்கு வழி சொல்லித்தான் எழுதினார்.

ஜெபக் குறிப்பு இன்னொரு ஓட்டை. 'இன்னார் மகளுக்கு இன்ன வியாதி' என்று ஒலிபெருக்கியில் வாசிப்பதை நிறுத்துங்கள். சம்மதம் கேட்டு, பெயரை மட்டும் வாசித்தால் போதும். எச்.ஐ.வி. விவரத்தைச் சம்மதமின்றி வெளியிடுவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது.

வீட்டுச் சந்திப்புக்கு இருவராகப் போங்கள். படுத்திருப்பவரின் இடுப்பு, குதிகால், தோள்பட்டை எலும்பு மூன்றையும் விலக்கிப் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தும் வெளுக்கவில்லையென்றால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது. அங்கே தேய்க்கக் கூடாது. 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வீட்டாருக்குச் செய்து காட்டுங்கள். பிரஷர், சுகர் மருந்துக்காக அலைபவர்களை தமிழக அரசு 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டப் பணியாளரிடம் சேர்த்துவிடுங்கள். மாத்திரை வீட்டுக்கே வரும்.

ஒருவருக்குப் பத்து நிமிடமாவது ஆகும். ஆகவே மூன்று நர்ஸ், இரண்டு மணி நேரம் என்றால் 30 பேருக்கு மேல் டோக்கன் கொடுக்காதீர்கள். நோட்டில் பெயர், அளவு, அனுப்பிய இடம் ஆகியவற்றோடு 'போனாரா?' என்று ஒரு கட்டம் போடுங்கள். அடுத்த வியாழனுக்குள் போன் செய்து அதை நிரப்ப ஆள் இல்லையென்றால், டோக்கனை 15ஆகக் குறையுங்கள்.